விழுவதற்கும் ஒரு கல்வி உண்டு

நடை பழகும் குழந்தை விழுகின்றது. விழுந்த பிள்ளையைத் தூக்கி அணைத்து, “இந்த நிலந்தானே எங்கள் பிள்ளைக்கு அடித்தது?” என்று நிலத்துக்கு இரண்டு அடி போட்டு அதன் அழுகையை ஆற்றும் பாட்டிமாரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆனால், எப்படி விழுந்திருக்க வேண்டும் என்று எந்தப் பாட்டியும் பேரனுக்குச் சொல்வதில்லை. ஓடக் கற்கிறோம், பாயக் கற்கிறோம், நீந்தக் கற்கிறோம். விழுவதை மாத்திரம் கற்க வேண்டியதில்லை, அது தானாக வரும் என்று விட்டுவிடுகிறோம். அது தானாக வருவது உண்மைதான். எப்படி வருகிறது என்பதிலேதான் ஒருவனுடைய எலும்பின் விதி அடங்கியிருக்கிறது.

இந்தப் பாடத்தை எமது வலக்கை மணிக்கட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எமக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. ஆயினும், அதன் முழுப் பொருளையும் நாம் விளங்கிக்கொண்டது 2023 ஆம் ஆண்டு தை மாதத்திலே, சென்னைக் கடற்கரை மணலில், எமது பிள்ளைகளின் வயதேயுள்ள சில இளைஞரிடத்திலும் யுவதிகளிடத்திலுமாகும். அதனை இங்கே எழுதுவது, விளையாடும் பிள்ளைகளுக்கும், வாசலிலே நின்று அவர்களைப் பார்த்திருக்கும் பெற்றோருக்கும் ஒருவாறு பிரயோசனப்படும் என்னும் எண்ணத்தினாலேயே.

ஒரு பழைய நோ

1979 ஆம் ஆண்டு. எமக்கு அப்பொழுது வயது பதினேழு. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே, பயிரெடுத்துவிட்டுச் சும்மா கிடந்த தோட்டக் காணியொன்றில் வலை கட்டி, மாலைதோறும் கரப்பந்தாட்டம் ஆடுவோம். செம்மண் தரை, தண்ணீர் தெளித்து மிதித்து மிதித்து அது சீமெந்து போல இறுகியிருந்தது. அயற்கிராமத்தாருடன் ஒரு போட்டி. ஆட்டம் முடியும் தறுவாயில், பந்து எமக்கு ஒரு பாகம் முன்னால் இறங்கிற்று. பாய்ந்தோம். பந்து எழுந்தது, புள்ளியும் கிடைத்தது, ஊரார் கைதட்டினர். ஆனால், கீழே விழுந்த அந்தக் கணத்தில் வலக்கை எம்மைக் கேளாமலே முன்னால் நீண்டு, உள்ளங்கையை விரித்து, உடம்பின் பாரம் முழுவதையும் தனியே தாங்கிக்கொண்டது.

கை வீங்கவில்லை, கோணவுமில்லை. பெருவிரலின் அடியிலே ஒரு குத்து மாத்திரம் இருந்தது. எமது தாயாரோ, பரீட்சை வரும் வருடத்தில் பந்துக்குப் பின்னால் ஓடுவதாக எம்மை நாள்தோறும் கண்டித்து வந்தவர். “கையைக் காலை முறித்துக்கொண்டு வந்தால் வீட்டுப் படி ஏறவேண்டாம்” என்று அன்று காலையிலும் சொல்லியிருந்தார். ஆகவே நாம் வாய் திறக்கவில்லை. அலுமாரித் தட்டிலிருந்த நோவெண்ணெயை எடுத்து இரவிலே இரகசியமாகப் பூசிக்கொண்டோம். சுளுக்குத்தானே, போய்விடும் என்று எமக்கு நாமே ஆறுதலும் சொல்லிக்கொண்டோம்.

சுளுக்குப் போகவில்லை. பரீட்சை மண்டபத்திலே, இரண்டாவது மணித்தியாலத்தில் பேனாவைப் பிடிக்க மாட்டாமல் கை நின்றுவிட்டது. விடை தெரிந்த வினா இரண்டை எழுதாமலே எழுந்து வந்தோம். அதன் பின்னரே ஆஸ்பத்திரிக்குச் சென்றோம். அங்கே டாக்டர் எக்ஸ்றே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பெருவிரற் பக்கத்து மணிக்கட்டிலுள்ள ஒரு சிற்றெலும்பு பல மாதங்களுக்கு முன்னரே இரண்டாகப் பிளந்திருப்பதையும், துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாமலே கிடப்பதையும் காட்டினார். உடனே வந்திருந்தால் சாந்துக்கட்டு ஒன்றினாலேயே பொருந்தியிருக்கும் என்றார். இன்றும் கிணற்றிலே கப்பிக் கயிற்றை இழுத்தால் அந்தக் கை எம்மை நிறுத்திவிடுகிறது. நாம் பாய்ந்து பெற்ற புள்ளி எதற்காக என்பதும், அன்றைய போட்டியில் வென்றவர் யார் என்பதும் இப்பொழுது நினைவில் இல்லை.

தங்கை இட்ட பணி

எமது தங்கை 1990 இல் சென்னைக்குச் சென்று அங்கேயே குடும்பமாகிவிட்டவள். 2023 தை மாதத்தில் உறவினர் வீட்டுக் கலியாணமொன்றுக்காகச் சென்ற நாம், அவள் வீட்டிலே மூன்று கிழமை தங்கினோம். சென்ற மறுநாளே அவள் எமக்கு ஒரு பணி இட்டாள்.

“அண்ணை, இவள் காலமை எழும்பிக் கடற்கரைக்கு ஓடுகிறாள். பொடியளோடு சேர்ந்து ஒரு பிளாஸ்ரிக் தட்டுக்குப் பின்னாலே பாய்ந்து விழுகிறாளாம். நான் சொன்னால் கேட்கிறாளில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள். நிற்பாட்டிவிட்டுப் போங்கோ.”

‘இவள்’ என்றது கல்லூரியிலே படிக்கும் பத்தொன்பது வயது மருமகளை. எமது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, “சரி, பார்ப்போம்” என்றோம். தடுத்து நிறுத்துவதென்ற தீர்மானத்துடனேயே மறுநாள் விடியற்காலையில் அவளுடன் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் புறப்பட்டோம்.

அந்தத் தட்டு விளையாட்டைப் பற்றி வாசகர் சிலருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். ‘பிறிஸ்பி’ என்பது அமெரிக்காவிலே, கனெற்றிக்கட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் இருந்த ஒரு வெதுப்பகத்தின் பெயர். அதன் தகரத் தட்டுகளை மாணவர் எறிந்து விளையாடியதிலிருந்து இப்பெயர் வந்ததென்பர். பின்னர் பிளாஸ்ரிக்கினாற் செய்த பறக்குந் தட்டு விற்பனைக்கு வந்தது. 1968 இல் நியூ ஜேர்சி மாநிலத்து மேப்பிள்வூட் என்னும் ஊரில், கொலம்பியா உயர்பாடசாலை மாணவர் அத்தட்டைக் கொண்டு இரண்டு கட்சிகள் ஆடும் ஓர் ஆட்டத்தை வகுத்து, அதற்கு ‘அல்ற்றிமேற்’ என்று பெயரிட்டனர். அவர்களுள் ஒருவரான ஜோயல் சில்வர் பிற்காலத்தில் பெயர் பெற்ற திரைப்படத் தயாரிப்பாளரானார். 2015 இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இவ்விளையாட்டின் உலக சம்மேளனத்தை அங்கீகரித்தது.

ஆட்டம் எளிது. தட்டு 175 கிராம் நிறையுள்ளது. புற்றரையில் கட்சிக்கு எழுவர், மணலில் ஐவர். தட்டைப் பிடித்தவர் அதனுடன் ஓடக்கூடாது. நின்று, பத்து விநாடிக்குள் தம் கட்சியார் ஒருவருக்கு எறிய வேண்டும். எதிர்க் கட்சியின் எல்லைக்குள் நிற்பவர் அதனைப் பிடித்தால் ஒரு புள்ளி. ஒருவர்மேல் ஒருவர் மோதுதல் குற்றம். எமக்கு வியப்பளித்தது இனித்தான்: ஆட்டத்துக்கு மத்தியஸ்தர் இல்லை. குற்றம் நேர்ந்ததென்று ஆடுபவரே சொல்ல வேண்டும். மற்றவர் அதனை ஏற்க வேண்டும், அல்லது நியாயம் சொல்ல வேண்டும். உலகப் போட்டிகளிலும் இதுவே விதியாம்.

தட்டு பந்தைப் போல் விரைந்து விழுவதில்லை. காற்றிலே மிதந்து, நிலத்துக்கு ஒரு முழம் மேலே நின்று, ‘இதோ, எட்டினால் அகப்படுவேன்’ என்று ஆசை காட்டுகிறது. ஆகையால் ஓடுபவன் தன்னை மறந்து பாய்கிறான். உடல் கிடையாக நீளப் பாய்ந்து பிடிக்கும் அந்தச் செயலை ‘லேயவுட்’ என்கிறார்கள். பார்ப்போர் எழுந்து நின்று கைதட்டுவதும் அதற்கே. ஆடுவோர் எலும்பு முறிவதும் அநேகமாக அதனாலேயே.

மணலிலே ஒரு பள்ளிக்கூடம்

நாம் சென்றபொழுது எவரும் தட்டைத் தொடவில்லை. இருபது பேர்வரையில் ஒரு வரிசையாகக் கைகோர்த்தாற்போல் நின்று, ஆடுமிடத்தை ஒரு கரையிலிருந்து மறுகரைவரை குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தனர். போத்தல் ஓடு, மீன்முள், கூரான சிப்பி, குச்சி என அகப்பட்டவற்றை ஒரு பையிலே சேர்த்தனர். முதல்நாள் மாலை சிறுவர் தோண்டிய குழிகளைக் காலால் மூடினர். விழப்போகும் இடத்தை முதலிலே துப்புரவாக்குகிறார்கள் என்பதைக் கண்டபோதே எமது தீர்மானம் சிறிது தளர்ந்தது. நாம் ஆடிய செம்மண் தரையிலே கல் பொறுக்கியவரை நாம் கண்டதில்லை.

அதன்பின் புதிதாக வந்த ஐந்தாறு பேரைத் தலைவியாகிய ஒரு பெண் தனியே அழைத்துச் சென்றாள். அவள் கற்பித்தது எறிவதையன்று, விழுவதை.

முதலில் அவர்களை ஈர மணலுக்குச் சற்று மேலே, பொருபொருவென்றிருந்த மணலில் முழங்காலில் நிற்கச் செய்தாள். கைகளை முன்னே நீட்டி, நாடியை உயர்த்தி, நெஞ்சும் வயிறும் தொடையும் ஒருமிக்க மணலிற் படும்படி முன்னோக்கிச் சரியச் சொன்னாள். அச்சம் தீரும்வரை இதுவே பாடம். அடுத்து, குந்தியிருந்து அவ்வாறே சரிதல். அடுத்து, இரண்டடி மெல்ல ஓடிச் சரிதல். அதன்பின்னரே, ஒருவர் பக்கத்தில் நின்று தாழ்வாக எறியும் தட்டைப் பாய்ந்து பிடித்தல். ஒரு படியில் உறுதி வராதவரை அடுத்த படிக்கு விடவில்லை. வந்த நாளிலேயே பாய்ந்து காட்ட முயன்ற ஓர் இளைஞனை அவள் மீண்டும் முழங்காலில் நிறுத்தினாள்.

நாம் அருகிற் சென்று, விழும் வித்தையின் நுட்பம் என்னவென்று வினவினோம். அவள் சொன்னவற்றை, நாம் கண்டவற்றோடு சேர்த்து இங்கே தருகிறோம்.

பாய்பவர் உயரப் பாயலாகாது. நீளப் பாய வேண்டும். எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறோமோ அவ்வளவுக்கு அடி பலமாகும். ஆகையால், பாயுமுன் இரண்டு மூன்று எட்டுக்களிலே உடம்பைத் தாழ்த்தி, முன்னோக்கிச் சாய்ந்து ஓடி, ஒரு காலால் நிலத்தைப் பின்னோக்கி உந்த வேண்டும். அப்போது உடல் நிலத்துக்கு அண்மையிலேயே வழுக்கிச் செல்லும்.

இறங்கும்பொழுது, உடம்பின் அகன்ற பாகங்களாகிய நெஞ்சும் வயிறும் தொடைகளும் நிலத்தை ஏற்க வேண்டும். கை, முழங்கை, முழங்கால், தோள்முனை ஆகிய ஒடுங்கிய பாகங்கள் முதலில் படலாகாது. பாரம் அகன்ற இடத்திலே பரவினால் ஓரிடத்திலும் அதிகம் அழுத்தாது. வழுக்கிச் சென்றால் அடியின் வேகம் ஒரே கணத்தில் விழாமல் சிறிது சிறிதாகத் தணியும். நாடி உயர்ந்தே இருக்க வேண்டும். இல்லையேல் முகமும் கழுத்தும் அடியை ஏற்கும். குதிகால்களைப் பின்னே உயர்த்தி உடம்பைச் சற்று வில்லாக வளைத்தால் முழங்காற் சில்லு தப்பும். மூச்சை அடக்கி விறைத்திருக்காமல் வெளியே விட வேண்டும். பக்கமாகச் சரிய நேர்ந்தால், தோள்முனையைக் குத்தாமல், அக்குளின் கீழிருந்து இடுப்புவரையுள்ள விலாப்புறம் நீளமாகப் படும்படி விழுந்து, உருண்டுவிட வேண்டும். தட்டைப் பிடித்த கை அதனை நிலத்துக்கு மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். தட்டின் விளிம்பின்மேல் விழுந்தால் விலா எலும்பு நோகும்.

இவை எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்று: கையை ஊன்றாதே. நிமிர்ந்த கையின்மேல் விழுந்தால், அடி உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும், அங்கிருந்து முழங்கைக்கும், தோளுக்கும், காறை எலும்புக்கும் ஏறிச் செல்கிறது. வழியிலே எது இளைத்ததோ அது முறிகிறது, அல்லது மூட்டு விலகுகிறது. ஆனால் கை தானாக நீள்கிறதே என்றோம். “அதற்காகத்தான் இத்தனை தரம் விழுந்து பழகுகிறோம் ஐயா. யோசித்துச் செய்ய நேரமில்லை, உடம்பே பழகியிருக்க வேண்டும்” என்றாள் அவள்.

அவ்வேளையிலே, பக்கத்திலுள்ள ஊரூர் குப்பத்துக் கரையை நோக்கி ஒரு வள்ளம் வந்துகொண்டிருந்தது. அலையின் முதுகிலே சாய்ந்து வந்து, மூக்கைச் சற்று உயர்த்தி, அடிவயிறு மணலில் உரச வழுக்கி ஏறி, நின்றது. மூக்குக் குத்தியிருந்தால் புரண்டிருக்கும். அந்தப் பெண் சொல்லியது முழுவதையும் அந்த வள்ளம் ஒரு கணத்திலே செய்து காட்டியதுபோல எமக்குத் தோன்றிற்று.

பாயக்கூடாத வேளைகள்

எப்படிப் பாய்வது என்பதிலும், எப்போது பாயாதிருப்பது என்பதையே அவர்கள் கடினமான பாடமாகக் கொள்கிறார்கள். இன்னும் இரண்டெட்டு ஓடினால் நின்றபடியே பிடிக்கக்கூடிய தட்டுக்குப் பாய்வது வீண் பகட்டு. முன்னே, அல்லது பக்கத்தில் வேறொருவர் ஓடி வரும் பாதையிலே பாய்வது அநியாயம். முதுகு காட்டி நிற்பவனின் கால்களை நோக்கிப் பின்புறமிருந்து பாய்வது அதனிலும் கொடிது. பிறருக்கு ஊறு விளையக்கூடுமென்பதைக் கருதாது ஆடுவது, தட்டு அகப்பட்டாலும் குற்றமேயென்று விதியே சொல்கிறது. முன்பின் அறியாத தரையிலும், மழையின்றி இறுகிய தரையிலும், களைப்பினாற் கால் தளர்ந்த கடைசி வேளையிலும் பாயாதிருப்பதே அறிவுடைமை.

தலையிலே அடிபட்டவனைப் பற்றியும் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அவன், “எனக்கு ஒன்றுமில்லை” என்று எத்தனை தரம் சொன்னாலும் அன்று மீண்டும் ஆட விடுவதில்லை. தலைவலி, மயக்கம், ஓங்காளம், முன்னுக்குப் பின் முரணான பேச்சு, வழக்கத்துக்கு மாறான நித்திரைத் தூக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதியாமல் டாக்டரிடம் கொண்டு செல்ல வேண்டும். தோள்மூட்டு விலகியவனின் கையை அறியாதவர் இழுத்துப் பொருத்த முயலக்கூடாது. ஒரு துணியால் தூளி கட்டி, அசையாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். தோல் உரிந்த புண்ணைச் சுத்தமான நீரால் நன்றாகக் கழுவி மணலைப் போக்க வேண்டும். ஏற்பூசி போட்டு நாளாகியிருந்தால் அதனையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மருமகள், “மாமா, அம்மா என்னை நிற்பாட்டச் சொல்லித்தானே உங்களை அனுப்பினவ?” என்று கேட்டாள். நாம் சிரித்தோமேயன்றி மறுமொழி சொல்லவில்லை. தங்கையிடத்தில், “பிள்ளைகள் ஒழுங்காகத்தான் ஆடுகிறார்கள்” என்றோம். அவள் முகம் தெளியவில்லை.

மூக்குத்தூள்க் குழி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகருக்குள்ளே ஒரு மைதானத்தில் போட்டி. புல் ஆங்காங்கே திட்டாக நின்றது. மற்றையது இறுகிய மண். மருமகளின் கட்சி அன்றைக்கு நான்காவது ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தது. வெயில் ஏறிவிட்டது. தாழ்வாக வந்த ஒரு தட்டை நோக்கி அவள் ஓடினாள், ஓர் எட்டுப் பிந்திவிட்டாள், பாய்ந்தாள். தட்டு அகப்பட்டது. இடக்கை ஊன்றிற்று.

எழுந்தாள், சிரித்தாள், தோழியர் முதுகில் தட்டினர். ஆனால், கரைக்கு வந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தபோது அதனை இடக்கையால் பிடித்துத் திறக்க மாட்டாமல், முழங்கால்களுக்கிடையில் இடுக்கி வலக்கையால் திறந்தாள். வேறெவரும் அதனைக் காணவில்லை. நாம் கண்டோம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் நாமும் அவ்வாறே போத்தல் திறந்தவராயிற்றே!

அவளைத் தனியே அழைத்து, பெருவிரலை விறைப்பாக நீட்டச் சொன்னோம். அப்படி நீட்டினால் அதன் அடியிலே, மணிக்கட்டின் பக்கத்தில், இரண்டு நரம்புகளுக்கிடையே ஒரு சிறு குழி தோன்றும். முற்காலத்து மேல்நாட்டார் மூக்குத்தூளை அதிலே இட்டு உறிஞ்சியமையால் வைத்தியர் அதற்கு மூக்குத்தூள்க் குழி என்றே பெயர் வைத்திருக்கின்றனர். அக்குழியை மெல்ல அழுத்தினோம். அவள் முகம் சுருங்கியது.

“மாமா, அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ” என்றாள்.

அந்த வார்த்தை எம்மை உலுக்கிவிட்டது. அது எமது பழைய வார்த்தை.

அன்றே அவளை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். முதலிலெடுத்த எக்ஸ்றே படத்தில் முறிவு ஒன்றும் தெரியவில்லை. ஆயினும் டாக்டர், அந்தக் குழியிலே நோ இருப்பதனால் முறிவு உண்டென்றே கொண்டு, பெருவிரலையும் சேர்த்து மட்டை வைத்துக் கட்டி, பன்னிரண்டு நாள் கழித்து மீண்டும் வரச் சொன்னார். காரணத்தையும் எமக்கு விளக்கினார். அங்கேயுள்ள எலும்பு ஓடத்தின் வடிவானது. அளவிலே ஒரு முந்திரிக் கொட்டைதான் இருக்கும். அதன் வெடிப்பு தொடக்கத்திலே படத்தில் தெரியாமலும் போகும். பத்துப் பன்னிரண்டு நாளில், வெடித்த ஓரங்கள் சிறிது கரைந்த பின்னரே கோடு தோன்றும். மேலும், அவ்வெலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரற் பக்கத்திலிருந்தே புகுந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவே முறிந்தால் பின்பாதி இரத்தமின்றி வாடக்கூடும். ஆகவேதான், கவனியாது விட்டால் அது பொருந்த மறுக்கிறது. சுளுக்கென்று எண்ணி எண்ணெய் பூசிய பதினேழு வயதுப் பையனுக்கு இவை எவ்வாறு தெரிந்திருக்கும்!

தங்கை சொன்னது

வீட்டிலே, கட்டுப்போட்ட கையைக் கண்டதும் தங்கை வெகுண்டெழுந்தாள். “நான் சொன்னேனா இல்லையா? இனி அந்தப் பக்கம் போகக் கூடாது” என்று மகளைக் கடிந்தாள். எம்மையும் விடவில்லை. அவள் கோபம் ஆறும்வரை காத்திருந்து, நாம் எமது வலக்கையை அவள்முன் நீட்டினோம். 1979 இல் நிகழ்ந்ததை, வீட்டில் ஒருவரும் அறியாதபடி நாம் மறைத்ததை, சொல்லத் தொடங்கினோம்.

அவள் எம்மை இடைமறித்தாள். “எனக்குத் தெரியும் அண்ணை. நீங்கள் கிணற்றடியிலே இடக்கையாலே கயிறு இழுத்ததை நான் கண்டனான். ‘அம்மாவுக்குச் சொல்லாதே’ என்று சொல்லி எனக்கு ஒரு தோடம்பழ இனிப்பும் தந்தனீங்கள். நான் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் உங்கள் கை நேராகியிருக்கும் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.”

அப்பொழுது அவளுக்கு வயது எட்டு. நாம் அதனை அடியோடு மறந்துவிட்டிருந்தோம். ஓர் இனிப்பை வாங்கிக்கொண்டு எமது இரகசியத்தைச் சுமந்த அந்தச் சிறுமி, அதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இறக்கி வைக்காமலே இருந்திருக்கிறாள். மகள் பாய்ந்து விழுகிறாள் என்று கேட்டபோதெல்லாம் அவள் கண்முன் வந்தது, இடக்கையால் கயிறு இழுத்த தமையனே. எமது நோ எம்முடன் நின்றுவிட்டதென்று இருந்த நாம் என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தோம்.

சிறிது நேரத்தின்பின் நாம் சொன்னது இவ்வளவுதான்: “தங்கச்சி, எங்கள் அம்மா விளையாடக் கூடாதென்று சொன்னா, நான் விளையாட்டை விடவில்லை, சொல்வதைத்தான் விட்டேன். இவளும் அதையே செய்யப் பார்த்தாள். இன்று தடுத்தால் நாளைக்கும் பாய்வாள்; உனக்குத் தெரியவராது, அவ்வளவுதான்.”

தங்கை மறுமொழி சொல்லவில்லை. ஆனால், இரவு உணவின்போது மகளுக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் எடுத்த படத்திலே, மயிரிழை போன்றதொரு கோடு அந்தச் சிற்றெலும்பின் குறுக்கே தெரிந்தது. துண்டுகள் விலகவில்லை. சாந்துக்கட்டுப் போட்டார்கள். நாம் ஊருக்குத் திரும்பிய பின்னர், பங்குனி மாத இறுதியில், கட்டு அவிழ்த்த கையைப் படமெடுத்துக் கைபேசியில் அனுப்பியிருந்தாள் மருமகள். எலும்பு பொருந்திவிட்டது. பல கிழமை கைப்பயிற்சி செய்து, டாக்டரும் சம்மதித்த பின்னர், அவ்வாண்டு ஆவணியில் மீண்டும் மணலுக்குச் சென்றாள். முதல்நாள் அவள் ஆடவில்லையாம். புதிதாக வந்தவர்களோடு வரிசையில் நின்று, முழங்காலிலிருந்து சரியும் முதற் பாடத்தையே மீண்டும் கற்றாளாம். தாய் கரையிலே பாய் விரித்து இருந்து பார்த்தாளாம். இச்செய்தி எமக்குத் தந்த மகிழ்ச்சி பெரிது.

மாணவர்களே, நீங்கள் ஆடுவது தட்டாயினும், கரப்பந்தாயினும், உதைபந்தாயினும் விழத்தான் போகிறீர்கள். ஆகையால், விழுமுன்னர் விழக் கற்றுக்கொள்ளுங்கள். தரையைப் பாருங்கள், தாழப் பாயுங்கள், நாடியை உயர்த்துங்கள், கையை ஊன்றாதிருங்கள், எட்டாததை விட்டுவிடவும் பழகுங்கள். ஒரு புள்ளி போனால் இன்னொரு புள்ளி வரும். நோ இருந்தால் அன்றே சொல்லுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை விழுந்து வந்தால் முதலிலே கையைப் பாருங்கள்; கண்டிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். உங்கள் கோபத்துக்கு அஞ்சிப் பிள்ளை மறைக்கும் நோவை எந்த எக்ஸ்றேயும் காட்டமாட்டாது. எமது வலக்கை இதனை எழுதி முடிப்பதற்குள் மூன்று முறை இளைப்பாறிவிட்டது. மருமகளின் கைக்கு அத்தேவை இல்லை.